காரப்பழப் பிரசாதம்

இதைச் செய்ய எனக்கு முதன்முதலில் சொல்லிக்கொடுத்தது என் மருமகள் சாருலதாதான். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் பங்குனி வெயிலில். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தங்கச்சி. ஏனென்றால் சொல்லிக்கொடுத்தவளே இன்றைக்கு அதற்குத் தடை போடுகிறாள். நான் எங்கேயோ யார் வீட்டிலோ கற்றுக்கொண்டு வந்து எங்கள் வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்ட மாதிரி அல்லவா பேசுகிறாள்.

உட்கார், உட்கார். பெல் அடித்த பிறகுதானே உள்ளே விடுவார்கள். உனக்கென்னம்மா, கழுத்தில் பாஸ் தொங்குகிறது. எங்களுக்குக் கொடுத்த பாஸ் சாரு கழுத்தில் கிடக்கிறது. ஆளுக்கு ஒன்று கொடுக்கமாட்டார்களாமே. உள்ளே உனக்கு யார், அண்ணனா? அவருக்கும் கிட்னிதானா? பயப்படாதே. கழுகுமலையான் பார்த்துக்கொள்வான். எங்கள் வீட்டுக்காரர் ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறார். உன் அண்ணனுக்கு அடுத்த கட்டில்தான். நேற்று நீ அவருக்குப் போர்வையை இழுத்துவிட்டதைக் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நல்லா இருப்பே.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆமாம், சாரு. நம்ம பக்கத்துப் பெண்தான், ஆனால் வளர்ந்ததெல்லாம் புனாவில். அவள் அப்பாவுக்கு அங்கே வேலை. எங்கள் வீட்டுக்கு வரும்போது சீரோடு ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவும் கொண்டுவந்தாள், உள்ளே பழத்தில் தூவுகிற பொடி. அப்போது இவருக்குச் சர்க்கரை என்று கண்டுபிடித்த புதிது. அல்வா, பால்கோவா என்று தின்ற மனுஷன், சாப்பாடு முடிந்ததும் இனிப்புக்காகக் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். இவள் அதைப் பார்த்துவிட்டு, கொய்யா, பப்பாளி, ஆப்பிள், ஆரஞ்சு, மாதுளை எல்லாம் வாங்கிவரச் சொல்லி, ஒரே அளவாக நறுக்கிப் போட்டு, ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டினாள்.

"மாமா, கண்ணை மூடிக்கிட்டு ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க."

"கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிடற மாதிரி என்னத்தம்மா குடுக்கே?" என்றார் இவர். ஒரு வாய் போட்டதும், "ஏ கோமு, இங்க வா! உன் மருமக ரசத்துக்குப் போடுத மிளகையும் சீரகத்தையும் பழத்துல போட்டுட்டா. நாளைக்கு ரசத்துல ஆப்பிள் மிதக்கும் பாத்துக்கோ" என்று ஒரே கேலி. கேலி பண்ணிக்கொண்டே கிண்ணத்தை வழித்துவிட்டார். அவள் அதற்கு என்னமோ சாட் என்று பெயர் சொன்னாள். இவர்தான் "காரப்பழம்" என்று பெயர் வைத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குக் காரப்பழம்தான்.

செய்முறை ஒன்றும் பெரிய காரியமில்லை. சீரகத்தை வெறும் சட்டியில் சிவக்க வறுத்து, கொரகொரவென்று பொடிக்கவேண்டும். மிளகு கொஞ்சம். புதினாவைக் கிள்ளிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, ஆரஞ்சில் பாதியைச் சாறாகவே ஊற்றிவிட்டால் பழம் கறுக்காது. சீனி ஒரு துளி கிடையாது. உப்பு மட்டும் கடைசியில்தான், சாப்பிடப் போகிற நேரத்தில்தான். "உப்பை முதல்லயே போட்டா பழம் அழுதுடும் அத்தை" என்பாள் சாரு. எவ்வளவு அழகாகச் சொல்வாள் அப்போதெல்லாம்! அவள் போடுவது கறுப்பு உப்பு. டப்பாவைத் திறந்தேன், அவித்த முட்டை வாடை அடித்தது. நாங்கள் முட்டை சேர்க்காத வீடு. நேரே சாமி அறைக்குப் போய் ஊதுபத்தி கொளுத்திவிட்டு வந்தேன். பிறகு நானாகவே அதை மாற்றி இந்துப்பு போட ஆரம்பித்தேன். விரதத்துக்குக்கூட ஆகும் இந்துப்பு. அது உப்பில் சேர்த்தியே இல்லை, மருந்து.

அப்படி எத்தனையோ வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பிறகுதான் இந்தக் கிட்னி. சர்க்கரை உள்ளேயே அரித்துவிட்டதாம். வாரத்துக்கு இரண்டு தடவை இங்கே கூட்டிக்கொண்டு வந்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணவேண்டியது. அந்த மிஷினில் போட்டு எடுத்தால் மனுஷன் பிழிந்த துணி மாதிரி வருவார்.

முதல் நாளே டாக்டர் என்னையும் சாருவையும் உட்கார வைத்துச் சொன்னார். "அம்மா, பழத்துல பொட்டாசியம்னு ஒரு சத்து இருக்கு. நல்ல கிட்னின்னா கூடுதலா இருக்கறதை வெளியே தள்ளிடும். இவருக்குத் தள்ளாது. ரத்தத்துல அது ஏறிச்சுன்னா கை கால் விழுந்துடும், நெஞ்சு அப்படியே நின்னுடும். ஆரஞ்சு, மாதுளை, வாழைப்பழம், இளநீர் எதுவும் கூடாது. இந்துப்பு நல்லதுன்னு யாராவது சொல்லுவாங்க, கேக்காதீங்க, அதுலயும் பொட்டாசியம் இருக்கு."

நான் தலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன். பெரிய படிப்புப் படித்தவர், எனக்கு எட்டாம் வகுப்பு. ஆனால் தங்கச்சி, நீயே சொல்லு. ஆரஞ்சைப் படைத்தவன் அதற்குள் நெஞ்சை நிறுத்துகிற சாமானையா வைப்பான்? நோயாளியைப் பார்க்கப் போனால் ஊரே பழம் வாங்கிக்கொண்டுதானே போகிறது?

சாரு அன்றைக்கே பழக்கூடையை மாடிக்குக் கொண்டுபோய்விட்டாள். மாமாவுக்கு ஆப்பிளில் ஒரு கீற்று, அதுவும் தோல் சீவி. அணில்கூட அதைவிடக் கூடுதலாகத் தின்னும். காய்கறியை நறுக்கி வெந்நீரில் போட்டு வைப்பாள், பொட்டாசியம் அதில் இறங்கிவிடுமாம், பிறகு அந்தத் தண்ணீரை அப்படியே கொட்டுவாள். சத்தெல்லாம் சாக்கடைக்குப் போகும். எனக்குப் பொறுக்கவில்லை. அவள் கொட்டப் போன தண்ணீரை, நான் கொட்டுகிறேன் என்று வாங்கி வைத்து அதிலேயே அவருக்கு ரசம் வைத்தேன். அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் அதற்கு ஒரு பேச்சு. தண்ணீர்கூட அளந்துதான் கொடுப்பாள். ஒரு கிழவனுக்கு வாயைக் கட்டிப்போடுகிற அளவுக்கு என்ன கல் நெஞ்சு என்று நினைப்பேன். உடனே கன்னத்தில் போட்டுக்கொள்வேன். வந்த பெண்ணைப் பழிக்கக்கூடாது. மஸ்கட்டில் இருக்கும் என் மகளிடம் சொன்னால் அவளும், "அண்ணி சொல்றதைக் கேளும்மா" என்கிறாள். பெற்ற பிள்ளையே அப்படி.

ஒரு நாள் இவர் ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "ஏ கோமு, ஒரு வாய் காரப்பழம் கெடச்சா இந்த ஜென்மம் போதும்ளா." அந்த வார்த்தை எனக்குள்ளே போய் ஒட்டிக்கொண்டது.

அந்த வாரம் சஷ்டி வந்தது. நான் சஷ்டிக்குப் பட்டினி இருக்கிறவள். முருகன் முன்னால் உட்கார்ந்து கவசம் சொல்லிக்கொண்டிருக்கும்போது தோன்றியது பார்: அவனுக்கே படைத்தால் என்ன? பஞ்சாமிர்தம் படைக்கலாம்தான், ஆனால் இவருக்குச் சர்க்கரை. ஆகவே காரப்பழம் படைத்தேன். முருகனுக்குக் காரப்பழமா என்று சிரிக்காதே. அவன் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மனசாரக் கும்பிட்டு, சூடம் காட்டி, இவரிடம் கொண்டுபோனேன்.

"சாருவுக்குத் தெரியுமா?" என்றார்.

"பிரசாதத்துக்கு யாரைக் கேக்கணும்?" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். அந்த முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும். எனக்கு அன்றைக்கு விரதம் முடிக்கவே தோன்றவில்லை, வயிறு அவ்வளவு நிறைந்துவிட்டது.

பிறகு செவ்வாய், வெள்ளி, கிருத்திகை. சாரு வேலைக்குப் போன பிறகு செய்வேன். ஒளித்துச் செய்தேன் என்று நினைக்காதே. பூஜைக்கு இரைச்சல் ஆகாது, அவ்வளவுதான்.

ஒரு காலையில் இவரால் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. கால் இரண்டும் வாழைத்தண்டு மாதிரி கிடந்தது. என் மகன் குமரன்தான் தூக்கிக்கொண்டு இங்கே ஓடி வந்தான். உடனே மிஷினில் போட்டார்கள். டாக்டர் வெளியே வந்து, "பொட்டாசியம் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. என்ன சாப்பிட்டார்? பழம் ஏதாவது குடுத்தீங்களா?" என்றார்.

"பழமே தரலை டாக்டர்" என்றேன்.

பொய்யா சொன்னேன்? இல்லை தங்கச்சி. சாமி முன்னால் வைக்கிற வரைக்கும்தான் அது பழம். சூடம் காட்டி எடுத்த பிறகும் அதைப் பழம் என்று சொன்னால்தான் பொய். டாக்டர் பிரசாதம் கொடுத்தீர்களா என்று கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன். கேட்கவில்லையே.

டாக்டர் சாருவைத்தான் பிடித்தார். காய்கறியை எப்படி வேகவைக்கிறாய், தண்ணீரை வடிக்கிறாயா என்று நோண்டி நோண்டிக் கேட்டார். அவள் அன்றைக்கு வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்று அழுதாள். "நான்தான் அத்தை எங்கேயோ தப்பு பண்ணிட்டேன்" என்றாள். அன்றிலிருந்து காயை ஒரு தடவைக்கு இரண்டு தடவை ஊறவைத்தாள். வாயைக் கட்டின பாவம் மனசில் உறுத்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தோளைத் தட்டிக்கொடுத்தேன். அவளுக்காகவும் ஒரு விளக்குப் போட்டேன்.

இவர் தேறி வீட்டுக்கு வந்தார். வந்ததற்கு நன்றி சொல்லவேண்டாமா? மறுபடியும் படைத்தேன். கிண்ணத்தை நீட்டினால், "வேண்டாம் கோமு" என்கிறார்.

"ஏன்?"

"டாக்டர் வேண்டாம்னாருல்லா. நெஞ்சு என்னமோ நழுவுத மாதிரி இருக்கு."

"ஆசுபத்திரியில இருந்து உங்களைக் கொண்டாந்து சேத்தது அவன். அவன் பிரசாதத்தை வேண்டாம்னு சொல்லலாமா?" என்றேன். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எனக்குத் தொட்டதற்கெல்லாம் வரும், அது என் பிறவிக் குணம்.

"சரி சரி. அழாத. நீ அழுதா எனக்குத் தாங்காது. கொண்டா" என்று வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பார்த்தாயா, எவ்வளவு பிரியம்! "நீ போய் விளக்கைப் பாரு, நான் மெள்ளச் சாப்பிடுதேன்" என்பார். நானும் போய்விடுவேன். திரும்பி வந்தால் கிண்ணம் காலியாக இருக்கும். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. சில நாள் நான் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வேன், ஊட்டிக்கூட விடுவேன். அப்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெல்லுவார்.

முந்தாநாள் கிருத்திகை. அன்றைக்கு நான்தான் ஊட்டிவிட்டேன். கடைசியில் கொஞ்சம் மிச்சமிருக்கும்போது கதவைத் தட்டினார்கள், பால்காரர். போய்விட்டு வருவதற்குள் கிண்ணம் காலி. மத்தியானம் ஈஸிசேரிலேயே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டார். கூப்பிட்டால் கண் மட்டும் திரும்புகிறது. முருகா முருகா என்று கத்தினேன். சாருவும் குமரனும் வேலையிலிருந்து ஓடி வந்தார்கள். இங்கே கொண்டுவந்து சட்டையைக் கழற்றும்போது, சாரு பையில் கைவிட்டுப் பார்த்திருக்கிறாள். கைக்குட்டை நனைந்து சிவப்பாக இருந்ததாம். விரித்தால் உள்ளே ஆரஞ்சுச் சுளையும் மாதுளை முத்தும்.

இதோ, இந்த பெஞ்சுக்கு முன்னால்தான் வந்து நின்றாள். "அத்தை, இது என்ன?"

"பிரசாதம்மா."

"இது பழம் அத்தை. ஆரஞ்சு. மாதுளை. இந்துப்பு வேற போட்டிருப்பீங்க. போன தடவை டாக்டர் கேட்டப்ப ஏன் அத்தை சொல்லலை? நான் காயை ஊறப்போட்டு ஊறப்போட்டு..." என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள், படித்த பெண், இத்தனை பேர் நடக்கிற இடத்தில். குமரன், "அம்மா..." என்றான். அவ்வளவுதான். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், பேசமாட்டான்.

பிறகு சாரு மெதுவாகச் சொன்னாள். "மாமா இதைத் திங்காம ஒளிச்சு வெச்சிருக்கார் அத்தை. உங்ககிட்ட வேண்டாம்னு சொல்ல முடியாம ஒளிச்சு வெச்சிருக்கார்."

அவளுக்கு அவரைப் பற்றி என்ன தெரியும், சொல்லு. வாழ்ந்தவள் நான். அவ்வளவு ஆசை அவருக்கு, பிறகு சாப்பிடலாம் என்று மடித்துப் பத்திரப்படுத்தியிருக்கிறார். ரயில்வே மெயில் சர்வீஸில் வேலை பார்த்த காலத்திலேயே எனக்கென்று பலகாரத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வருகிறவர் அவர். அது அந்தப் பழக்கம்.

நேற்று ஒரு நினைப்பு வந்தது. இந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். படைத்த நாளுக்கு மறுநாளெல்லாம் அவர் முகம் எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வர ஆரம்பித்தது. உடனே கவசத்தை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்துவிட்டேன். மனசு கண்டபடி அலையும் தங்கச்சி, அதை விடக்கூடாது. அவன் பிரசாதம் கெடுதல் பண்ணும் என்றால் பிறகு நான் எங்கே போய் நிற்பேன்? யாரைக் கூப்பிடுவேன்?

இப்போது சாரு அந்த செக்யூரிட்டியிடம் சொல்லிவைத்திருக்கிறாள், அம்மா கையில் எதுவும் உள்ளே போகக்கூடாது என்று. வந்ததும் என் பையைத் திறந்து பார்க்கிறான், நான் என்னமோ திருடி மாதிரி. கதவுக் கண்ணாடி வழியாக மட்டும் பார்க்கலாமாம். காலையில் பார்த்தேன். என்னைக் கண்டதும் கையை இப்படி அசைத்தார். வா என்கிறாரா போ என்கிறாரா என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எப்படித் தெரியும்? வா என்றுதான் இருக்கும்.

இன்றைக்குச் சஷ்டி. விடிவதற்குள் எழுந்து குளித்து, சீரகம் வறுத்து, எல்லாம் செய்து படைத்துவிட்டேன். இதோ, புடவைத் தலைப்புக்குள் இருக்கிறதே, இந்தச் சின்ன டப்பாதான். அவன் பையைத்தானே பார்க்கிறான். இன்றைக்கு ஆரஞ்சு கொஞ்சம் கூடவே போட்டிருக்கிறேன், மருந்து தின்று வாய் கசந்து கிடக்கும் பார். இந்துப்பைத் தனியாகப் பொட்டலம் கட்டி மூடியில் வைத்திருக்கிறேன். முதலிலேயே போட்டால் பழம் அழுதுவிடும்.

ஏன் கையை இழுத்துக்கொள்கிறாய்? சூடெல்லாம் இல்லை. உன் அண்ணனுக்கும் சேர்த்து நிறைய இருக்கிறது, அவருக்கும் இரண்டு கரண்டி கொடு. சாரு மருந்து வாங்கக் கீழே போயிருக்கிறாள், அவள் வருவதற்குள் பெல் அடித்துவிடும். உன் பையை அவன் பார்க்கமாட்டான்.

பெரிசாக ஒன்றும் கேட்கவில்லை தங்கச்சி. உள்ளே போகும்போது இந்த டப்பாவை ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறவர் கையில் கொடுத்துவிடு. பெயரை நான் என் வாயால் சொல்லமாட்டேன், தலைமாட்டில் எழுதியிருக்கும். முருகன் பிரசாதம், கோமு கொடுத்தாள், வாசலில் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று மட்டும் சொல்லு. வேண்டாமென்று சொல்லமாட்டார்.